பொறை ஆபரேஷன்: எந்த முறை, எந்த லென்ஸ்?

பெரியப்பாவுக்குக் காசிமேட்டில் வலை செப்பனிடும் வேலை. சித்தப்பா திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், பெரும்பாலும் ராத்திரியில். ஒரே வருஷத்தில் அண்ணன், தம்பி இருவர் கண்ணிலும் பொறை, அதாவது கண்புரை. "நூல் ரெண்டு ரெண்டா தெரியுதுடா" என்றார் பெரியப்பா. சித்தப்பாவுக்கோ எதிரே வரும் கண்டெய்னர் லாரியின் விளக்கு பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி பரவியது.

நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் இருவரிடமும் ஒரே விலைப் பட்டியலை நீட்டினார்கள். மேலே விலை ஏற ஏற பார்வையும் ஏறும் என்கிற தொனி. அங்கேதான் எனக்கு உறுத்தியது.

முதலில் அறுவை முறை. ஊரில் 'லேசர் ஆபரேஷன்' என்று சொல்வது பெரும்பாலும் பேக்கோ. அதில் புரையை உடைப்பது லேசர் இல்லை, அல்ட்ராசவுண்ட் அதிர்வு. 2 முதல் 3 மி.மீ. கீறல் வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, அந்த இடத்தில் மடித்த செயற்கை லென்ஸை உள்ளே விட்டு விரிக்கிறார்கள். இன்னொன்று சிறு கீறல் முறை. வெள்ளை விழியில் 6, 7 மி.மீ. அளவுக்குச் சுரங்கம் போல வழி செய்து, புரையின் கருவை முழுசாக எடுத்துவிடுவார்கள். இரண்டிலும் பெரும்பாலும் தையல் கிடையாது. பேக்கோவில் கண் சீக்கிரம் தேறும், சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் கண்ணாடிப் பவர், அவ்வளவாக ஏறாது. ஆனால் நன்றாக முத்திப் பழுப்பேறிய புரையை உடைக்க அதிர்வு அதிகம் தேவைப்படும். அது கருவிழியின் உட்பக்கச் செல்களைப் பாதிக்கலாம். அப்படிப்பட்ட கண்ணுக்குச் சிறு கீறல்தான் பல நேரங்களில் நிம்மதி. அதை 'ஏழைகளுக்கான முறை' என்று ஒதுக்குவது தப்பு. கண்ணாடி போட்டுப் பார்க்கும்போது இரண்டுக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் வைத்தே இலவசமாகச் செய்கிறார்கள். நம் வடசென்னைப் பக்கத்துக்கு ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. கொஞ்சம் தள்ளினால் 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனை.

புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது; வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். 'முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம்' என்பதும் பழைய கதை. முத்த முத்த அறுவைதான் சிக்கலாகும்.

சரி, லென்ஸுக்கு வருவோம். மோனோஃபோகல் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவு தரும். வழக்கமாகத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள்; படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் ஒளியைப் பிரித்துக் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் பங்கிடுகிறது. கண்ணாடியின் தேவை வெகுவாகக் குறையும். அதற்கு விலை பணம் மட்டும் இல்லை: ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கிய வெளிச்சத்தில் கூர்மை குறையலாம். விழித்திரைக் கோளாறோ கண் அழுத்த நோயோ இருப்பவர்களுக்குப் பொதுவாக அதைப் பரிந்துரைப்பதில்லை. பகலில் கடையில் உட்கார்ந்து பில் போடும் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்காரருக்கு அது வரமாக இருக்கலாம். எண்ணூர் பக்கம் லாரிகளுக்கு நடுவே நள்ளிரவில் வண்டி ஓட்டும் சித்தப்பாவுக்கு? பட்டியலின் உச்சியில் இருந்த அந்த லென்ஸை நான் வேண்டாம் என்றேன். தூரத்துக்கான மோனோஃபோகல்தான் வைத்தோம்; மொபைல் பார்க்கக் கண்ணாடியைத் தேடுகிறார், புலம்பிக்கொண்டே.

பெரியப்பா விஷயத்தில்தான் டாக்டர் அசத்தினார். "நாள் முழுக்க எதைப் பார்க்கிறீங்க?" என்று கேட்டார். பெரியப்பா மடியில் வலை கிடப்பது போலக் கையை வைத்துக் காட்டினார். அந்தத் தூரத்தை அளந்து, கிட்டப் பார்வைக்கே மோனோஃபோகல் லென்ஸின் பவரைக் கணக்கிட்டார்கள். இப்போது வலை ஊசியில் வெறும் கண்ணோடு நூல் சுற்றுகிறார். கரைக்கு வரும் படகின் நம்பரைப் படிக்கத்தான் சட்டைப் பையைத் தடவுகிறார்.