பெரிய எழுத்து வேதாகமம்: எட்டு மாதம் கையில் பிடித்துப் பார்த்ததில்

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன். மனைவி இடியாப்ப மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன், 1.6 கிலோ. தடிமன் 5 சென்டிமீட்டர். கறுப்பு உறை, சுற்றிலும் ஜிப், தாள் ஓரத்தில் பொன் பூச்சு. உள்ளே நம் வீடுகளில் இருக்கும் அதே பழைய மொழிபெயர்ப்புதான், இரண்டு பத்தியாக, பெரிய எழுத்தில். விலை 48 சிங்கப்பூர் வெள்ளி. கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதவில்லை. எட்டு மாதமாக ஞாயிறுதோறும் நின்றுகொண்டே வாசித்த பிறகு எழுதுகிறேன்.

நான் ஊழியக்காரன் இல்லை. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் 31 வருடம் வேலை பார்த்தேன், கடைசிப் பன்னிரண்டு வருடம் சேஃப்டி சூப்பர்வைசர். காலை ஏழரைக்கு டூல்பாக்ஸ் மீட்டிங், வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் கூட்டம். ஹார்னஸ் மாட்டினாயா, டேங்குக்குள் கேஸ் பார்த்தார்களா, ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது நெருப்புப் பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டு, எங்கே என்று நாற்பது பேரை நிற்க வைத்துச் சத்தம் போடுவேன். சபையில் என் வேலை வேறு. ஞாயிறு சாயங்காலம் வெளிநாட்டுத் தொழிலாளர் தம்பிகளுக்கு ஓர் ஐக்கியக் கூட்டம் நடக்கிறது. அதற்கு நாற்காலி போடுவது, ஃபேன் திருப்புவது, டீ, வடை. இருபது வருடம் அதுதான். யாரும் வேறு எதுவும் கேட்டதில்லை, நானும் கொடுக்கவில்லை.

போன வருடம் போதகருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் சின்ன வயசு. இரண்டாவது வாரமே டீ டிரம் பக்கத்தில் வந்து நின்று, "அங்கிள், ஞாயிறு கூட்டத்தில் நீங்கதான் வசனம் வாசித்துப் பேசணும்" என்றார்.

"பாஸ்டர், நான் டீ போடுற ஆள்."

"அதனாலதான் கேட்கிறேன். அவங்க உங்களைப் பார்த்துத்தான் உள்ளே வர்றாங்க."

வீட்டில் வந்து புலம்பினால் மனைவி சிரிக்கிறாள். "யார்டுல நாப்பது பேரை அதட்டுவீங்க, இங்க முப்பது பேருக்குப் பயமா?" பயம்தான். பட்டறையில் நான் சொன்னது கம்பெனி விதிப்புத்தகத்தில் இருக்கும். தப்பாகச் சொன்னால் அதே புத்தகம் என்னைத் திருத்தும். இங்கே நான் சொல்வதை ஒரு தம்பி தங்குமிடத்துக்கு எடுத்துப் போய் இராத்திரி படுத்துக்கொண்டு யோசிப்பான். அந்தப் பொறுப்பு எனக்கு எதற்கு?

முதல் ஞாயிறு என் பழைய வேதாகமத்தைக் கொண்டுபோனேன், கல்யாணத்துக்குக் கிடைத்தது. பொடி எழுத்து. ட்யூப் லைட் எனக்குப் பின்னால், என் நிழலே பக்கத்தின்மேல். புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், கண்ணை மேலே தூக்கினால் ஆள் தெரியும், கீழே தாழ்த்தினால் எழுத்து தெரியும், நடுவில் இரண்டும் போகும். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் வாசித்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் வரி காணவில்லை. ஒரு வசனத்தை இரண்டு தடவை வாசித்தேன், அடுத்ததை விட்டுவிட்டேன், அப்புறம் நின்றேவிட்டேன். முன் வரிசையில் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் தன் ஃபோனைப் பார்த்து மெதுவாக அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தான். அவன் கொடுக்கக் கொடுக்க நான் வாசித்து முடித்தேன்.

அடுத்த வாரம் ஃபோனையே கையில் வைத்துக்கொண்டேன். ஃபோனில் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், அது உண்மை. ஆனால் பெரிதாக்கினால் திரைக்கு நாலே வரி, விரல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஜெபத்துக்குக் கண்ணை மூடித் திறந்தால் திரை இருண்டிருக்கிறது. நடுவில் காப்புறுதி விற்க ஒருவர் அழைத்தார், ஸ்தேவானைக் கல்லெறியும் வசனத்தை வாசிக்கும்போது. மூன்றாம் வாரம் கடைக்குப் போனேன்.

எழுத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு 'க' மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது, மை நல்ல கறுப்பு. வசன எண் தடித்த எழுத்தில், பத்தியை விட்டுக் கொஞ்சம் வெளியே நிற்கிறது. நிமிர்ந்து தம்பிகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் விட்ட இடம் அங்கேயே இருக்கிறது. 48 வெள்ளி இதற்குத்தான்.

எழுத்தின் அளவு என்றதும் ஒரு பழைய கதை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் என்ற மிஷனரி தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-இல். அதற்காக ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை. அவற்றை வைத்து அச்சடித்தால் கையில் இருக்கும் காகிதம் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள், ஈயத்துக்குப் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்களாம். காகிதம் இல்லாமல் அவர்கள் சின்னதாக்கினார்கள், கண் இல்லாமல் நான் பெரிதாக்கிக்கொண்டேன். வந்த வேலைக்கு வேண்டிய சாமான் முன்கூட்டியே கையில் இருப்பதில்லை என்று அந்த ஈய மூடிகளை நினைத்துக்கொண்டு டீ கலக்கும்போது தம்பிகளிடம் சொன்னேன். வெல்டர் ஒருவன் மட்டும், "எந்த டிகிரியில அண்ணே உருக்கினாங்க?" என்று கேட்டான்.

சரி, குறைகள். பெரிய குறை வரி உடைவது. பத்தி குறுகல், எழுத்து பெரிசு, நம் வார்த்தையோ நீளம். 'நம்பிக்கையாயி' என்று ஒரு வரி முடியும், 'ருந்து' அடுத்த வரியில் கிடக்கும். இணைப்புக்கோடும் கிடையாது. மனதுக்குள் வாசித்தால் தொந்தரவு இல்லை. சத்தமாக வாசிக்கும்போது வரி முனையில் வார்த்தை முடிந்துவிட்டது என்று குரல் இறங்கிவிடுகிறது, திரும்ப ஏற்ற வேண்டும். சனி இராத்திரி பென்சிலால் அந்த இடங்களில் சின்னதாக வளைவு போட்டு வைக்கிறேன். ஒரே பத்தியாக அச்சடித்திருந்தால் இந்த வேலை மிச்சம்.

இயேசு பேசியது சிவப்பு எழுத்தில். கடையில் பார்க்க அழகு, மஞ்சள் விளக்கில் பாதி மறைகிறது. எங்கள் கூடத்தில் ட்யூபை மாற்றச் சொல்லி, நானே ஏணி ஏறி மாற்றினேன். தாள் மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து லேசாகத் தெரியும், பழகிவிடும். பக்க அடையாள நாடா ஒன்றே ஒன்று. வாசிப்பு இரண்டு இடத்தில் இருந்தால் போதாது, நான் பட்டறை மஞ்சள் டேப்பைக் கத்தரித்துப் பக்க ஓரத்தில் ஒட்டிவிட்டேன். ஜிப் நாலாம் மாதம் பல்லை விட்டது. நம் ஊர் ஈரத்துக்குப் பொன் ஓரத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், வாங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடுங்கள். வைட்டமின் டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டை உறைக்குள் போட்டிருக்கிறேன்.

பழைய மொழிபெயர்ப்பு வேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஓஃபிர் சாலையில் 1888-இல் கட்டி முடித்த லூர்து மாதா ஆலயத்துக்குப் போகும் நண்பர் ஒருவர் தன் திருவிவிலியத்தைக் காட்டினார், அது வேறு மொழிபெயர்ப்பு, 1995-இல் வந்தது. தமிழ் எளிது. பத்தாவது படித்த தம்பி தடங்கலில்லாமல் வாசிப்பான். எங்களுடையதில் தேவரீர், பிரயாசம், ஸ்தோத்திரம் என்று வரும், நிறுத்தி அர்த்தம் சொல்ல வேண்டும். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஊரில் அம்மா வாயால் கேட்டது இந்த நடைதான். நான் இதிலேயே இருக்கிறேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த நடையில் எனக்குக் கிடைத்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். நடபடிகள் ஆறில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வந்து ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்களே, அந்த வேலைக்குப் பெயர் பந்திவிசாரணை. இருபது வருடம் நான் செய்ததும் அதுதான், பெயர் தெரியாமல் செய்திருக்கிறேன். அந்த ஏழு பேரில் பிலிப்பு இரண்டாவது. சோறு பரிமாற நியமித்த ஆள் எட்டாம் அதிகாரத்தில் சமாரியாவில் பிரசங்கம் பண்ணுகிறான். ஊரே திரண்டு கேட்கும் நேரத்தில் தூதன் வந்து, எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் வனாந்தர வழிக்குப் போ என்கிறான். ஏன், யாரைப் பார்க்க, எத்தனை நாள், ஒன்றும் சொல்லவில்லை. பெர்மிட் இல்லை, வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிய மெத்தட் ஸ்டேட்மென்ட் இல்லை. நானாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அவன் எழுந்து போனான். அங்கே எத்தியோப்பிய மந்திரி ஒருவர் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறார், அர்த்தம் தெரியாமல்.

இதை வாசித்த சாயங்காலம் முதல் தடவையாக நான் எழுதி வைத்த தாளைப் பார்க்கவில்லை. வேதாகமத்தை இடது கை முழங்கையில் தாங்கி, டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பேசுகிற மாதிரியே பேசினேன். புதிய இடத்துக்கு அனுப்புகிறவர் டிராயிங் கொடுக்காமல் அனுப்பினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். புதுக்கோட்டைத் தம்பி ஒருவன், "ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிட்டு பிளேன் ஏறினப்போ எங்களுக்கும் அப்படித்தான் அண்ணே இருந்துச்சு" என்றான். அதற்கு மேல் நான் என்ன விளக்குவது. மீதி நேரம் அவர்கள்தான் பேசினார்கள். டீ ஆறிப்போனது.

இப்போதும் சனி இராத்திரி வயிறு கலங்குகிறது. போதகரிடம் சொன்னேன், தனக்கும் கலங்குகிறது என்றார். அந்தப் பதில் எனக்குப் பெரிய உதவி.

யார் வாங்கலாம்? நின்று, சத்தமாக, பிறருக்கு வாசிக்கிறவர்கள், நாற்பத்தைந்து தாண்டியவர்கள். வீட்டு ஜெபத்துக்கு மேசைமேல் வைத்து வாசிக்கவும் நல்லது. எம்ஆர்டி ரயிலில் வாசிக்க வேண்டாம். பூன் லேயிலிருந்து லிட்டில் இந்தியா வரைக்கும் தோளில் மாட்டிப் போனால், ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போதே தோள்பட்டை சொல்லிவிடும். வயதானவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் கூடவே ஒரு மரத் தாங்கியும் வாங்கிக் கொடுங்கள். கறுப்பு உறைதான் கடையில் இருக்கிறது, மெரூன் கேட்டால் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும்.

போன மாதம் அந்த ராமநாதபுரத்துத் தம்பி ஒரு வாரம் இரவல் கேட்டான். ஃபோன் இருக்கிறதே என்றேன். பெரிய எழுத்தில் சத்தமாக வாசித்துப் பழக வேண்டும் என்றான். திரும்பி வந்தபோது எட்டாம் அதிகாரத்து ஓரத்தில் மஞ்சள் கறை, மீன் குழம்பு என்று நினைக்கிறேன். என் பென்சில் வளைவுகளுக்குப் பக்கத்தில் அவன் வளைவுகள் நாலைந்து இருந்தன, நான் தடுமாறாத இடங்களில். அடுத்த ஞாயிறு வசனம் வாசித்துப் பேசப்போவது அவன். நான் டீ டிரம் பக்கம் நிற்கிறேன். ஒரு கையால் பிடிக்காதே, இரண்டு கையாலும் பிடி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.