"எந்தத் தண்ணியில குளிப்பீங்க?" என்று கேட்ட கிளினிக்

மதுரையில் மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன காது மூக்கு தொண்டை கிளினிக். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று காக்க வைத்ததற்கு. காலை ஒன்பதுக்கு டோக்கன் வாங்கினேன், கூப்பிடும்போது பன்னிரண்டரை.

எனக்கு ஒன்றரை வருடமாக வலது மூக்கில் அடைப்பு. சிந்தினால் துண்டில் ரத்தம். ஊர்ப்பக்கம் முதலில் பார்த்த டாக்டர் டார்ச் அடித்து, "சதை வளர்ந்திருக்கு, அலர்ஜி" என்று ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் அடித்தேன். ரத்தம் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இங்கே டாக்டரம்மா மூக்கைப் பார்த்துவிட்டு, "எந்தத் தண்ணியில குளிப்பீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில்தான் விவரம் தெரிந்த நாளிலிருந்து குளியல். எருமையைக் கழுவுவதும் அதே துறையில்தான். சொன்னதும் "அதானே" என்று மெல்லிய கேமராவை உள்ளே விட்டு டிவியில் காட்டினார். ஸ்ட்ராபெர்ரி மாதிரி இருக்கும் என்றார். எனக்கென்னவோ முசுக்கட்டைப் பழம் போலத்தான் தெரிந்தது. சிவப்பாக, சொரசொரவென்று, மேலே ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் அடையாளமாம், உள்ளே வித்துகள் நிறைந்த பைகள்.

பெயர் ரைனோஸ்போரிடியோசிஸ். 1900இல் அர்ஜென்டினாவில் ஸீபர் என்பவர் முதலில் விவரித்திருக்கிறார். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் அதிகம். இதை உண்டாக்கும் கிருமியை ரொம்ப காலம் பூஞ்சை என்று நினைத்து, அப்புறம் அது இல்லை என்று கண்டுபிடித்தார்களாம். தேங்கிய தண்ணீரிலிருந்து வருகிறது என்று கருதுகிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. இதை அவர் சொன்ன பிறகுதான் என் மனைவி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

மயக்கம் கொடுத்து ஆபரேஷன். சதையை எடுத்தால் மட்டும் போதாது, அது முளைத்த அடியைச் சுட்டுவிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப வரும். வலி பெரிதாக இல்லை. மறுநாள் மூக்கில் அடைத்த துணியை உருவினார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. முழம் முழமாக வந்துகொண்டே இருந்தது. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதே நோய்தான் என்று ரிப்போர்ட் வந்தது.

பில்லில் ஒரு மனத்தாங்கல். மொத்தமாக 38,000 என்று பேசிவிட்டு, கேமராவுக்குத் தனியாக 2,500 போட்டார்கள். கேட்டதும் பாதி குறைத்தார்கள், சரி.

இன்னொன்று. திரும்ப வராமல் இருக்க தினம் ஒரு டாப்சோன் மாத்திரை, ஆறு மாதம். ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உடம்பில் ஒரு என்சைம் குறைவாக இருந்தால் இந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைத்துவிடுமாம். அதையெல்லாம் சொன்னவர்கள், இது தொழுநோய்க்கும் கொடுக்கும் மாத்திரை என்று சொல்லவில்லை. மெடிக்கலில் அந்தப் பையன் சீட்டையும் என் கைவிரல்களையும் மாறி மாறிப் பார்த்தான். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போது நாலு மாதம். மூச்சு தாராளமாக வருகிறது, குளியல் போர்த் தண்ணீரில். போகிறவர்கள் புதன்கிழமை போங்கள், கூட்டம் குறைவு. பழைய சீட்டு, ஸ்கேன் எல்லாம் கையில் இருக்கட்டும். எதிர்க்கடையில் டீ நன்றாக இருக்கும், வடை சுமார்.