மதுரை வெயிலுக்கு ஜெரோகிராஃபிகாவா, ஸ்பானிஷ் மாஸா?

திருநகரில் உள்ள எங்கள் வீட்டின் கிழக்குப் பார்த்த பால்கனியில், மண்ணில்லாமலே வளரும் காற்றுச்செடிகளான ஜெரோகிராஃபிகா ஒன்றும் ஸ்பானிஷ் மாஸ் கொத்து ஒன்றும் இரண்டு கோடைகள் அருகருகே தொங்கின. இப்போது ஜெரோகிராஃபிகா மட்டுமே இருக்கிறது என்பதால், இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டுமே அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த டில்லாண்ட்சியா பேரினத்துச் செடிகள். பெயரில் மாஸ் என்று இருந்தாலும் அது பாசி அன்று. விலையில் மாஸ் மலிவு, பிய்த்துக் கட்டினால் புதுக் கொத்தாகிவிடும். ஜெரோகிராஃபிகா விலை கூடியது, ஆமை வேகத்தில் வளர்வது. அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது.

தீர்மானிக்கும் விஷயம் தண்ணீர்தான். இச்செடிகள் வேரால் அல்லாமல், இலைமேல் படர்ந்திருக்கும் நுண்ணிய செதில்கள் வழியாகவே நீரை உறிஞ்சுகின்றன. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரோ எவர்சில்வர் குடத்தில்கூட வெள்ளைப் படலம் கட்டும் உப்பு நீர். அதைத் தெளிப்பானில் ஊற்றி அடிக்கும்போது நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் இலையில் தங்கிச் செதில்களை அடைக்கிறது. முதல் கோடையில் மாஸுக்கு நாள்தோறும் இப்படித் தெளித்ததில், இழைகள் சுண்ணாம்பு பூசியவைபோல் ஆயின.

எனவே மழைநீருக்கு மாறினேன். மொட்டை மாடியில் ஐப்பசி மழையில் நிரம்பும் 200 லிட்டர் பீப்பாயை, கொசு புகாதபடி துணி கட்டி வைத்திருக்கிறேன். ஜெரோகிராஃபிகாவை வாரம் ஒருமுறை 5 லிட்டர் வாளியில் அரை மணி நேரம் முக்கியெடுத்தால் போதும். கணக்குப்படி அந்தப் பீப்பாய் 40 வாரங்களுக்கு வரும். கோடையில் நாள்தோறும் நனைய வேண்டிய மாஸுக்கோ அதே நீர் 40 நாட்களில் தீர்ந்துவிடும், பிறகு கேன் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியதுதான். (ஏசியிலிருந்து சொட்டும் நீர் இலவசமாயிற்றே என்று எண்ண வேண்டாம், அதன் குழாய்கள் பெரும்பாலும் செம்பு, இக்குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு ஆகாது.)

இரண்டாம் கோடையில், அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண வந்த உறவினர்களால் வீடு நிறைந்திருந்த நான்கு நாட்களும் நான் செடிகளின் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் நனைத்தபோது, உயிருள்ள மாஸ் இழை சாம்பல் நிறம் மாறிப் பச்சை காட்ட வேண்டியதற்கு மாறாக, கொத்தில் பாதி வைக்கோல் நிறத்திலேயே நின்றது. மீதியும் வைகாசிக்குள் போயிற்று. நடு அமெரிக்காவின் வறண்ட காடுகளிலிருந்து வந்த ஜெரோகிராஃபிகா தன் தடித்த இலைகளை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு தாக்குப்பிடித்தது, ஒருமுறை ஊறியதும் தளர்ந்து விரிந்தது.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இலைகளின் அடியில் தண்ணீர் தேங்கினால் நடுக்குருத்து அழுகிவிடும். முக்கியெடுத்ததும் தலைகீழாக உதறி, கவிழ்த்து வைத்து, மின்விசிறிக் காற்றில் நான்கு மணி நேரத்துக்குள் உலர்த்திவிடுகிறேன். இலைத்துளைகள் இரவில்தான் திறந்து கரியமில வாயுவை உள்வாங்குவதால், ஈரத்தோடு இரவைக் கழிக்காதபடி காலையிலேயே குளிப்பாட்டுவது நல்லது. மழை நாட்களில் நான் முக்குவதே இல்லை.

ஜெரோகிராஃபிகா பூப்பதையோ, பூத்தபின் அடியில் பக்கக்கன்று விடுவதையோ நான் இன்னும் பார்த்ததில்லை என்பதால், நீண்டகால வளர்ச்சி பற்றி என் சொல்லை முழுதாக நம்ப வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாஸ் பச்சைப்பசேலென்று திரண்டு தொங்கியபோது, பக்கத்திலிருந்த ஜெரோகிராஃபிகா எவ்வித மாற்றமும் இன்றி இருந்ததையும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் போன்ற ஈரக்காற்று உள்ள ஊரில் வீடிருப்பவர் மாஸையே வாங்கலாம்.