குளிர் அம்மோனியாவுக்கு ஏ671 வெல்டிங் பைப்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கப்பலிலிருந்து அம்மோனியா இறக்கும் எங்கள் 16 அங்குலப் பாதையில் ஏஎஸ்டிஎம் (அமெரிக்கத் தர அமைப்பு) ஏ671 பைப்தான் ஓடுகிறது, அதாவது எஃகுத் தகட்டை வளைத்து வெல்டு செய்த பைப்: கிரேடு சிசி60 (ஏ516 பிளேட்டில் செய்தது), கிளாஸ் 22. இத்தனை ஆண்டுகளில் பைப்பைக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

வாங்கும் நேரத்தில் சாதாரண கார்பன் ஸ்டீல் பைப்பான ஏ106 கிரேடு பி போதும் என்றார்கள். அம்மோனியா வளிமண்டல அழுத்தத்தில் கொதிப்பது மைனஸ் 33 டிகிரியில். ஏ106 பைப்பை இம்பாக்ட் சோதனை (குளிரவைத்து அடித்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது) இல்லாமல் ஏற்பது பொதுவாக மைனஸ் 29 வரைதான். நான்கு டிகிரிதானே என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கார்பன் ஸ்டீல் கடுங்குளிரில் வளைந்து எச்சரிக்காது, சட்டென்று பிளந்துவிடும். 1998-இல் ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில் குளிர்ந்துபோன வெப்பப் பரிமாற்றி அப்படித்தான் பிளந்தது, இருவர் இறந்தனர்.

குளிருக்கென்றே உள்ள ஏ333 கிரேடு 6 பைப்பும் நல்ல சரக்கு. சிறிய கிளைகளுக்கு அதையே சீம்லெஸ்ஸாக (நீளவாக்கில் வெல்டு இல்லாததாக) போட்டோம். 16 அங்குலத்தில் சீம்லெஸ் வாங்கப் பணமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

ஏ671 வாங்குகிறவர்கள் கிளாஸ் எண்ணைப் பாருங்கள். 22 என்றால் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (வெல்டில் தங்கிய இறுக்கத்தைச் சூடாக்கித் தளர்த்துவது), ரேடியோகிராபி (வெல்டை எக்ஸ்ரே போலப் படம் எடுப்பது), நீரழுத்தச் சோதனை மூன்றும் உண்டு. 23-இல் ரேடியோகிராபி இல்லை, அதனால் ஆலைப் பைப்புகளுக்கான பி31.3 விதிப்படி வெல்டின் தரக் காரணி (வெல்டை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) 1.0-இலிருந்து 0.85-ஆக இறங்கும், சுவர்த் தடிமன் ஏறும். விலையில் மிச்சம் பிடித்தது எடையில் போய்விடும். அம்மோனியா, வெல்டில் தங்கிய இறுக்கத்தைப் பற்றிக்கொண்டு விரிசல் விடவைக்கும் என்பதால் களத்தில் போட்ட வெல்டுகளுக்கும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யச் சொன்னோம். ஒப்பந்ததாரர் முகம் சுளித்தார், செய்தார்.

ஏ671 என்று ஆர்டரில் எழுதிவிட்டால் சார்பி என்ற இம்பாக்ட் சோதனை தானாக வந்துவிடாது, தனியே கேட்க வேண்டும். எங்களுக்கு முதலில் வந்த மில் சான்றிதழில் ஏ516 பிளேட்டின் எண்கள் மட்டும் இருந்தன. திருப்பி அனுப்பினோம். வெல்டுக்கும் அதையொட்டி வெப்பத்தில் மாறிய பகுதிக்கும் மைனஸ் 45 டிகிரியில் எடுத்த எண்கள் வந்த பிறகே சரக்கை இறக்கினோம்.

தொல்லை கொடுத்தது இன்சுலேஷன்தான். கப்பல் வராத காலத்தில் பாதை சூடேறும், மறுபடி குளிரும். ஈரம் புகாமல் தடுக்கும் ஆவித்தடுப்பு உறை கிழிந்த இடங்களில், குறிப்பாகத் தாங்கிகளின் மேல், பனி பிடித்து உருகி உள்ளே துரு கட்டியது. ஒட்டுப் போட்டு மூடும் வேலை இன்றும் ஓயவில்லை. விரிவாக்கத்துக்கும் இதே பைப்பைத்தான் கேட்டிருக்கிறேன். இன்சுலேஷனுக்கு அடியில் எபாக்சி பூச்சு இந்த முறை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.