பண்ணைக்குப் பகலில் போய் வருவதா, தங்குவதா?

இயற்கை விவசாயத்தை நேரில் பார்க்க, புதுச்சேரி அருகே ஆரோவில்லில் இருக்கும் சாலிட்யூட் பண்ணைக்கு ஒரு பகல் போதும். களை என்று நாம் பிடுங்கி எறியும் கீரைகூட அங்கே மதியச் சாப்பாட்டுத் தட்டில் இருக்கும். மாடித்தோட்டக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால், கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணை மாதிரி இடத்தில் தங்கிப் படிப்பதுதான் சரி. மண்ணை வளப்படுத்தும் புளித்த கரைசலான ஜீவாமிர்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி. கலக்குவதைப் பகல் வகுப்பிலேயே பார்த்துவிடலாம். ஆனால் 48 மணி நேரம் நிழலில் புளித்து, நுரை கட்டி, வாசனை மாறுவதைத் தங்கினால்தான் அறிய முடியும். காலையும் மாலையும் குச்சியால் கலக்கிவிடுவது நீங்களாகவே இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், டார்ச் லைட்டை மறக்காதீர்கள்.