ஒரே ரா ஃபைல், நான்கு சிவப்பு

கேமரா திரையில் பார்த்தபோது அந்தப் பூ செக்கச்செவேல் என்று இருந்தது. கணினியில் ரா ஃபைலை (சென்சார் பதிவு செய்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) திறந்ததும் ஒரு நொடி அதே சிவப்பு தெரிந்தது. அடுத்த நொடி ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்து, சப்பென்று ஆகிவிட்டது. ராவில் படம் எடுக்கிற எல்லோரும் இந்த ஏமாற்றத்தைப் பார்த்திருப்பார்கள். முதலில் தெரிந்தது ஃபைலுக்குள் கேமரா ஒட்டி வைத்திருக்கும் சின்ன ஜேபெக், அதாவது கேமராவே மெருகேற்றி முடித்த படம். பின்னால் வந்தது மென்பொருள் தானே கணக்குப் போட்டு வரைந்த படம்.

ரா ஃபைலுக்குள் நிறம் என்று எதுவும் கிடையாது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் தன் தலைக்கு மேல் இருக்கும் சிவப்பு, பச்சை அல்லது நீல ஃபில்டர் வழியே எவ்வளவு வெளிச்சம் வந்தது என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கும். அந்த ஃபில்டர்கள் நம் கண் பார்ப்பது போலப் பார்ப்பதில்லை. மாடலுக்கு மாடல் வேறுபடவும் செய்யும். 'இந்த மாடலில் இந்த எண்கள் வந்தால் அது இந்த நிறம்' என்று சொல்லும் அகராதிதான் கலர் ப்ரொஃபைல்.

அதனால் 'என் கேமராவுக்கு சப்போர்ட் உண்டா' என்று கேட்கும்போது மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கேட்கிறோம். ஃபைல் திறக்குமா? அந்த மாடலுக்கென்று அளந்து செய்த ப்ரொஃபைல் இருக்கிறதா? கேமராவின் சொந்த ஸ்டைல்களுக்கு (ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட் என்று கேமரா மெனுவில் வரும் நிறத் தோற்றங்களுக்கு) இணையான ப்ரொஃபைல்கள் இருக்கின்றனவா? சப்போர்ட் பட்டியலில் உங்கள் மாடல் பெயர் இருந்தால் முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது. மென்பொருள்களின் குணம் பிரிவது மற்ற இரண்டில்.

அடோபி கம்பெனியின் லைட்ரூமும் கேமரா ராவும் பயன்படுத்துவது டிசிபி என்ற ப்ரொஃபைல் வகை. 2008இல் வந்தது. இதன் பலம், ஒரே ப்ரொஃபைலுக்குள் இரண்டு விளக்குகளுக்கான கணக்கு இருப்பது: ஒன்று பழைய குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், இன்னொன்று பகல் வெளிச்சம். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வெளிச்சத்தின் சாயத்தைச் சமன் செய்யும் அமைப்பு) நகர்த்தினால் இரண்டுக்கும் நடுவே தேவையான இடத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். சென்சார் எண்களை நிறமாக மாற்றும் பெருக்கல் கணக்கான மேட்ரிக்ஸ் மட்டும் போதாத நிறங்களைத் திருத்த ஒரு அட்டவணை, தோற்றத்துக்கு இன்னொரு அட்டவணை, இருட்டு-வெளிச்ச வித்தியாசத்தை (கான்ட்ராஸ்டை) அமைக்கும் டோன் கர்வ் எல்லாம் அதே ஃபைலில் அடக்கம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம். 2018 ஏப்ரலில் இருந்து புதிய படங்களுக்கு இயல்பாக வருவது அடோபி கலர் என்ற ப்ரொஃபைல். அது அடோபி ஸ்டாண்டர்ட் என்ற பழைய ப்ரொஃபைலின் மேல் கட்டியது. எல்லா கேமராவும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியட்டும் என்பது அதன் நோக்கம். ஒரே நிகழ்ச்சியை இரண்டு கம்பெனி கேமராவில் எடுப்பவருக்கு அது வரம். கேமரா திரையில் பார்த்த நிறம் வேண்டும் என்பவர் கீழே போய் கேமரா மேட்சிங் பகுதியைத் திறக்க வேண்டும். கேமரா ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட் என்று கம்பெனியின் ஸ்டைல்களைப் பார்த்துச் செய்தவை அங்கே இருக்கும். ஃபியூஜி கேமரா வைத்திருப்பவருக்கு ப்ரோவியா, வெல்வியா, கிளாசிக் குரோம் என்ற அந்தக் கம்பெனியின் ஸ்டைல்கள். சில மாடல்களுக்கு இந்தப் பகுதி வருவதே இல்லை. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கேப்சர் ஒன் என்ற மென்பொருள் போகும் பாதை வேறு. அது ஒவ்வொரு மாடலுக்கும் ஐசிசி என்ற இன்னொரு வகை ப்ரொஃபைல் வைத்திருக்கிறது, டிசிபியை எடுத்துக்கொள்ளாது. கர்வ் தனி மெனுவில் இருப்பதால் நிறத்தைத் தொடாமல் ஃபிலிம் ஸ்டாண்டர்ட் என்ற இயல்பான கர்வில் இருந்து லீனியர் என்ற தட்டையான கர்வுக்கு மாறலாம். எனக்கு இந்தப் பிரிப்பு பிடிக்கும், ஏனென்றால் எது நிறத்தின் வேலை, எது கான்ட்ராஸ்டின் வேலை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கான்ட்ராஸ்டை ஏற்றினால் தோல் நிறம் சிவந்து போகும் பழைய தொல்லைக்காக 2020 இறுதியில் ப்ரோஸ்டாண்டர்ட் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். முகங்களே தொழில் என்றால் அது நிஜமாகவே உதவும். கலர் எடிட்டரில் செய்த திருத்தத்தை ஐசிசியாகச் சேமித்து அந்த கேமராவுக்கு நிரந்தரமாக்கவும் முடியும். ஆனால் அந்த ஐசிசியை வேறு மென்பொருளில் போட்டால் அதே நிறம் வரும் என்று நம்பக் கூடாது.

இலவசப் பக்கம் வந்தால், ரா தெரபி என்ற மென்பொருள்தான் இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பிள்ளை. டிசிபி, ஐசிசி இரண்டையும் வாங்கிக்கொள்ளும். சில மாடல்களுக்குச் சொந்த டிசிபி கூடவே வருகிறது. இல்லாதவர்கள் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரை (ரா ஃபைலை டிஎன்ஜி என்ற பொது வகைக்கு மாற்றும் மென்பொருள்) நிறுவினால் அது கேமரா வாரியாக டிசிபி ஃபைல்களைக் கணினியில் இறக்கிவைக்கும்; ரா தெரபிக்கு அந்த ஃபோல்டரைக் காட்டிவிட்டால் போதும். அப்புறம் இன்னொரு வசதி: டோன் கர்வ், பேஸ் டேபிள் (நிறத் திருத்த அட்டவணை), லுக் டேபிள் (தோற்ற அட்டவணை) என்று டிசிபியின் பாகங்களைத் தனித்தனியாக டிக் செய்து அணைக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நாம் 'கேமராவின் நிறம்' என்று நினைத்ததில் எவ்வளவு வெறும் கர்வ் என்று புரியும்.

இன்னொரு இலவச மென்பொருளான டார்க்டேபிள் இதற்கு நேரெதிர். டிசிபியே வேண்டாம் என்று இருக்கிறது. அடிப்படை ஒரு மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ். வேண்டுமானால் ஐசிசி தரலாம். கேமரா காட்டிய நிறத்தை நகலெடுப்பது அதன் வேலை அல்ல, காட்சியில் இருந்த வெளிச்சத்தில் இருந்து நீங்களே படத்தைக் கட்டுங்கள் என்கிறது. அதனால்தான் முதல்முறை திறப்பவர்கள் 'என்ன இது, வெளிறிப்போய் இருக்கிறதே' என்று ஓடிவிடுகிறார்கள். 5.0 பதிப்பில் 500க்கும் மேற்பட்ட மாடல்களுக்கு ஸ்டைல்கள் சேர்த்தார்கள். அவையும் பிரகாசம், கான்ட்ராஸ்ட், செறிவு ஆகியவற்றைத்தான் ஜேபெக் பக்கம் கொண்டுபோகும், சாயலை (சிவப்பா, ஆரஞ்சா என்பதை) தொடாது. பொறுமை இருப்பவருக்கு கலர் கேலிபரேஷன் பகுதி பொக்கிஷம். நிறம் அளந்து வைத்த கட்டங்கள் கொண்ட கலர் அட்டையைப் படமெடுத்து, கட்டங்களின் மேல் சட்டத்தைப் பொருத்தினால் எவ்வளவு பிசகு என்று எண்ணாகவே சொல்லித் திருத்தும்.

டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப் தானே அளந்த ப்ரொஃபைல்களோடு வருகிறது, டிசிபியையும் ஏற்கும். கேனான், நிகான் தரும் இலவச மென்பொருள்களில் அவரவர் ஸ்டைல் அப்படியே வரும், ஆனால் வேலை வேகம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டுடியோ வேடிக்கையானது: படம் எடுத்த அதே மாடல் கேமராவைக் கேபிளில் இணைத்தால் அதன் ப்ராசசரே ராவை மாற்றிக் கொடுக்கும். நிறத்தில் சந்தேகமே வராது. கேமராவை விற்றுவிட்டால் கதை முடிந்தது.

இந்த மென்பொருள்கள் எல்லாம் திணறுகிற இடம் நீல எல்ஈடி மேடை விளக்கு. பாடகரின் முகத்தில் மூக்கு, கன்னம், தாடை ஒன்றும் தெரியாமல் நீலப் பெயின்ட் அடித்தது போல ஒரே தகடாக இருக்கும். டிசிபிக்குள் இருக்கும் இரண்டு விளக்குகளில் எதுவும் இப்படி ஒரே அலைநீளத்தை ஒட்டிய ஒளி அல்ல. கணக்கு எல்லை தாண்டிப் போய்விடுகிறது. லைட்ரூமில் செறிவு குறைந்த, தட்டையான ப்ரொஃபைலுக்கு மாறினால் முகம் கொஞ்சம் திரும்பி வரும். ரா தெரபியில் லுக் டேபிளை அணைத்துப் பார்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் டார்க்டேபிள் பக்கம்: எல்லை தாண்டிய நிறங்களை உள்ளே இழுக்கும் அதன் காமட் கம்ப்ரஷன் ஸ்லைடரை ஏற்றும்போது கன்னத்தின் வளைவு மெல்ல எழுந்து வருவதைப் பார்க்கலாம்.

எந்தக் கட்சியிலும் சேர விருப்பமில்லாதவர் சொந்தமாக டிசிபி செய்துகொள்ளலாம். 24 கட்டம் கொண்ட கலர் அட்டை 1976இல் இருந்தே இருக்கிறது. பளபளப்பு விழாமல், சீரான வெளிச்சத்தில், வெள்ளைக் கட்டம் அதிக வெளிச்சத்தில் வெளுத்துப்போகாமல் ராவில் ஒரு ஷாட் போதும். வெயிலில் ஒன்று, பல்பில் ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது. ஒருமுறை செய்த டிசிபியை லைட்ரூம், ரா தெரபி, ஃபோட்டோலேப் மூன்றிலும் போடலாம்.

அந்தச் சிவப்புப் பூவுக்கும் அதைத்தான் செய்தேன். அட்டையை வைத்து டிசிபி செய்து ரா தெரபியில் போட்டதும் ஆரஞ்சு போய்விட்டது. ஆனால் கேமரா திரையில் பார்த்த அந்தச் செக்கச்செவேலும் வரவில்லை. கேமராவையும் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூவில் லேசாக ரோஸ் கலந்திருந்தது. அதை விழுங்கியது கேமராவின் ஜேபெக்.