மூவாக் டேப்: அசல் நாடாவும் ஜெராக்ஸ் நாடாவும்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மெலிவைக் கண்டுபிடிக்க, தராசும் உயரப் பலகையும் போகாத ஊருக்கும் போவது மூவாக் டேப், அதாவது மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவை அளக்கும் நாடா. யூனிசெஃப் வழங்கும் மூவண்ண நாடா 50 அடங்கிய கட்டாக வருகிறது. 11.5 செ.மீ.க்குக் கீழ் சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எண் படிக்கத் தெரியாத தாயும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இழுத்தால் சட்டென்று நீளாது. மில்லிமீட்டர் கோடுகளும் தெளிவு. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் சோமரும் லோவன்ஸ்டைனும் நடத்தி 1975இல் வெளியிட்ட ஆய்வு, உயரத்துக்கு ஏற்ற கைச்சுற்றளவு இல்லாத குழந்தைகளுக்குச் சாவின் ஆபத்து அதிகம் என்று காட்டியது. கைச்சுற்றளவை நம்பலாம் என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

சிவப்பு எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். 11.0இல் முடிந்தால் அது பழைய நாடா. 2009இல்தான் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் எல்லையை 11.5 ஆக உயர்த்தின. அந்தக் கட்டை அப்படியே ஒதுக்கிவிடுங்கள்.

ஜெராக்ஸ் எடுத்த நாடா வேண்டவே வேண்டாம். பிரிண்டர் தாளுக்கு அடங்கும்படி 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டால், உண்மையில் 11.3 செ.மீ. உள்ள கை 11.65 என்று காட்டும். சிவப்பில் இருக்க வேண்டிய குழந்தை மஞ்சளுக்குப் போய்விடும், சிகிச்சைக்கு யாரும் அனுப்பமாட்டார்கள். எந்த நாடாவானாலும் இரும்பு ஸ்கேலில் வைத்துச் சரிபாருங்கள். துவாரத்தின் ஓரம் கிழிந்தாலோ, துடைத்துத் துடைத்து நிறம் மங்கினாலோ மாற்றிவிடுங்கள்.

அளக்கும் முறை சின்னதுதான், தப்பு நடப்பதும் அதில்தான். இடது கை. முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனிவரை ஒரு நூலை வைத்து, அதை இரண்டாக மடித்து நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சட்டைக் கையை முழுக்க விலக்கி, புள்ளியின் மேல் நாடாவைச் சுற்றி, நாடாவில் எண் தெரியும் ஜன்னலில் அம்புக்குறிக்கு நேரே படியுங்கள். தோல் பிதுங்கினால் இறுக்கம் அதிகம், அளவு குறைவாக வரும். நாடாவுக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் தளர்வு, அளவு கூடும். அழுது கையை முறுக்கும் குழந்தை அம்மா மடியில் அடங்கும்வரை காத்திருங்கள். கண்ணளவில் நடுவைக் குத்துமதிப்பாகப் பிடிப்பதுதான் களத்தில் அதிகம் பார்க்கும் தப்பு.

ஒரு குறை உண்டு, அது நாடாவின் தரத்தைச் சேர்ந்ததல்ல. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் மெலிவு என்று தெரியும் குழந்தைகளும் நாடாவில் மெலிவு என்று தெரியும் குழந்தைகளும் ஒரே பட்டியல் அல்ல. இந்தியக் கிராமங்களில் இந்த வித்தியாசம் பெரிது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்லும் 7.7 சதவீதக் கடும் மெலிவு எடை, உயரக் கணக்கில் வந்தது. அதனோடு நாடாவின் எண்ணிக்கையை ஒப்பிட்டு ‘எங்கள் ஊரில் குறைந்துவிட்டது’ என்று அறிக்கை எழுதாதீர்கள். எடை பார்க்க வசதி உள்ள அங்கன்வாடியில் இரண்டையும் பாருங்கள்.

பாதத்தைப் பார்க்காமல் நாடாவை மட்டும் நம்பவும் கூடாது. இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், நாடா பச்சை காட்டினாலும் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவுதான். அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.